சார்ஜ் ஏறாத வேன்

மேல்கணக்குப் பிள்ளைகளை இனி அப்பாவின் வேனில் அனுப்பப்போவதில்லை என்று அவர்களின் தாய்மார் முடிவு செய்த செய்தி சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆள் மூலம் சொல்லியனுப்பவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் நேரிலேயே இறங்கி வந்தார். அவருடைய மகள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறவள். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிடுவது டீச்சர் என்று. அன்றைக்கு இரண்டு பேருமே அந்தச் சொற்களை எடுக்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டியில இனி எம் புள்ள ஏறாது."

உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி அம்மா சொன்னார். கொழுந்து பறிக்கப் போக நேரமாகிவிட்டது என்று அவர் திரும்பிவிட்டார்.

மேல்கணக்கு என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பிரிவு. நமுனுகுல மலையின் மடியில் வரிசை வீடுகளான இரண்டு லயங்களும் ஒரு கோயிலும் கொழுந்து நிறுக்கிற ஒரு மடுவமும் மட்டும் இருக்கின்றன. பஸ் அங்கே ஏறாது. ஆட்டோக்காரர்கள் பாதையைப் பார்த்துவிட்டுக் கீழேயே இறக்கிவிடுவார்கள். அந்தப் பாதையில் தினமும் ஏறி இறங்குகிற ஒரே வாகனம் அப்பாவின் பழைய டீசல் வேன். தோட்டத்து லொறியில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாபப் பணத்தில் அதை வாங்கினார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேலே என்றால் பெரிய பாதைக்கு இறங்கி, அங்கிருந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். ஆம்பளைப் பிள்ளைகள் குறுக்குவழியில் நடந்துவிடுவார்கள். அந்தக் குறுக்குவழி காட்டுக்குள் போவது. பெண்பிள்ளைகளை அதில் யாரும் தனியே விடுவதில்லை. வேன் இல்லை என்றால் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம், பிறகு கொழும்பில் யாரோ தெரிந்தவர் வீட்டில் வேலை இருக்கிறது என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றியும் அது ஒரு முறை வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரைக்கும் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அது எத்தனை எளிதாக நடக்காமல் போயிருக்கும் என்பதும் மறந்துபோகவில்லை.

அந்த அக்காவுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. முந்தின நாள் மாலையில், மேலதிக வகுப்பு முடிந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. லைட், வைப்பர், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஊதுகிற காற்றாடி எல்லாவற்றையும் அப்பா போட்டிருக்கிறார். லைட் மெல்ல மஞ்சளாகியது. வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றது. இரண்டாவது வளைவில் எஞ்சினும் நின்றுபோனது. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூடுபனிக்குள் நடந்து போனார்கள். அக்காவின் மகள் பாதையோர வடிகானுக்குள் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டாள். அப்பா முன்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். தாய்மார் எதிரே பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தபோது யாரும் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். திட்டியிருந்தால் தேவலை என்றார்.

இது திடீரென்று வந்த கோளாறு இல்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா வேனுக்கு ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தார். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் மூலம் சுழன்று மின்சாரம் உண்டாக்கி, பெட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற சாமான் அது. அப்பா இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்வார். பழையதில் பெயரிங் தேய்ந்து, ஏற்றத்தில் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பதுளையில் ஒரு உதிரிப்பாகக் கடையிலிருந்து ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஒன்றை வாங்கி, அவரே பூட்டினார். சத்தம் போய்விட்டது. அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

வாரத்தின் நடுவில் ஒரு காலை வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. டவுனில் வாகன வயரிங் வேலை பார்க்கிற பாஸ் பெட்டரியைக் கழற்றி ஒரு பகல் சார்ஜில் போட்டுக் கொடுத்து, பெட்டரி கிழடாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார். வேன் மறுபடி ஓடியது. வெயில் நேரத்தில் லைட்டும் வைப்பரும் வேண்டியதில்லை என்பதால் பெட்டரியில் இருந்த சார்ஜிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் புரியவில்லை. மழை வந்த மாலையில் புரிந்தது.

அக்கா போன பிறகு அப்பா வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். தோட்டத்து டிராக்டர்காரர் தன் பெட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து காலையில்தான் அதைக் கீழே கொண்டுவந்து சேர்த்திருந்தார். அப்பா சாவியைக்கூடத் தொடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தார். நான் வகுப்புக்கென்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். டிராக்டர்காரரை மறுபடி கூப்பிட்டு, வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு வயரை எடுத்துவிடச் சொன்னேன்.

எஞ்சின் ஓடும்போது பெட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் பதினான்கு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட காட்ட வேண்டும். அப்போதுதான் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். எங்களுடைய வேனில் பன்னிரண்டுக்கும் கீழே காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டும் இருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் பூட்டியிருக்கும் ஆணியில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவுதான். அப்படியென்றால் வயர் அறுந்திருக்கவில்லை. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்து மின்சாரம் மட்டும் வரவில்லை என்றால், பிழை அந்தச் சாமானில்தான். நான் அப்பாவிடம் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சொன்னேன்.

"பெட்டரி இல்லப்பா. ஒங்களுக்குப் பழுதான சாமானக் குடுத்துட்டாங்க. கழட்டுங்க, நான் வந்து பேசுறேன்."

அவர் மறுக்கவில்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றி உரப்பையில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பதுளை வரைக்கும் அது என் மடியில் இருந்தது. பஸ்ஸில் ஒரு அம்மா, என்ன மகள், பூசணிக்காயா என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. கடையில் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா எப்போதும் அவரிடம் கொஞ்சம் குனிந்து பேசுவார். நான் நேராக நின்று, பெட்டரியில் எவ்வளவு காட்டியது, தடித்த ஆணியில் எவ்வளவு காட்டியது, ஆகவே பிழை எங்கே என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே உரப்பையை அவிழ்த்தார். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

கடையின் பின்பக்கத்தில் மேசை ஒன்றில் ஒரு மோட்டார் இருந்தது. அதில் பெல்ட் மாட்டி ஆல்டர்னேட்டரைச் சுழற்றிப் பார்க்கலாம். அவர் அதை அங்கே பிடித்து இறுக்கி, ஒரு பெட்டரியிலிருந்து வயர்களைக் கொடுத்தார். ஒரு வயரின் நடுவில் சின்ன பல்ப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது மங்கலாக எரிந்தது. மோட்டாரைப் போட்டார். பல்ப் அணைந்தது. பக்கத்திலிருந்த மீட்டரின் முள் மேலே போய்ப் பதினான்கில் நின்றது. அவர் மோட்டாரை நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினார். மறுபடியும் பதினான்கு.

"பாத்தீங்க தானே தங்கச்சி? சாமான்ல வருத்தம் இல்ல. வருத்தம் ஒங்கட வேன்ல."

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். நானா அதோடு விடவில்லை.

"டீச்சர்மாருக்குப் புத்தகத்துல எல்லாம் சரியாத்தான் ஓடும். ரோட்டுலதான் ஓடாது."

அப்பா, சரி நானா, பூட்டிப் பார்க்கிறோம் என்று அவசரமாகச் சொல்லி உரப்பையை எடுத்தார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் போகிறபோது கேட்டேன், அந்தச் சின்ன பல்ப் எதற்கு என்று. சாமான் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க என்றார். எரிந்தால் சார்ஜ் இல்லை, அணைந்தால் சார்ஜ் வருகிறது, அவ்வளவுதான். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அந்த மேசையில் அப்படி ஒரு பல்ப் இருக்கிறது என்றும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா உரப்பையை என்னிடம் தராமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவருக்கு என் மேல் கோபமில்லை. என்னைப் பார்த்து அந்தக் கடையில் சிரிக்க விட்டுவிட்டோமே என்றுதான் அவர் வருந்தினார். அது எனக்குத் தெரிந்ததால் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரே சாமான். அங்கே மின்சாரம் தருகிறது, இங்கே தரவில்லை. அங்கே இருந்தவை என்ன? சுழற்ற மோட்டார். எங்களிடம் எஞ்சின் இருக்கிறது. பெட்டரி. எங்களிடமும் இருக்கிறது. தடித்த வயர். இருக்கிறது. பல்ப்.

பல்ப் வெறுமனே பார்ப்பதற்கு என்றார் நானா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பல்ப் எரிகிறது என்றால் அதன் வழியாக மின்சாரம் போகிறது. அது பல்புக்குள் போய் முடிந்துவிடுவதில்லை. ஒரு பக்கம் நுழைந்தது மறுபக்கம் வெளியே வர வேண்டும். அந்த மேசையில் பல்புக்குள் நுழைந்த மின்சாரம் மறுபக்கம் எங்கே போனது? அந்த வயரின் மறுமுனை ஆல்டர்னேட்டரில் செருகப்பட்டிருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

ஆல்டர்னேட்டருக்குள் சுழல்வது ஒரு மின்காந்தம். அதைக் காந்தமாக்க மின்சாரம் வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் அதுவே தனக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் ஓடத் தொடங்குகிற அந்த முதல் கணத்தில் அதற்குக் கொஞ்சம் மின்சாரத்தை யாராவது கொடுக்க வேண்டும். கொடுப்பது அந்தச் சின்ன பல்பின் வயர். பல்ப் செய்தி சொல்கிற வேலையை மட்டும் செய்யவில்லை. அது தூங்கிக்கொண்டிருப்பதைத் தட்டி எழுப்புகிறது.

பஸ் எங்கள் சந்திக்கு வந்ததை அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்டர்னேட்டரை மறுபடி பூட்டினோம். பெட்டரியை இரவு முழுக்கப் பக்கத்து வீட்டில் சார்ஜில் போட்டிருந்தோம். அப்பாவை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஒரு சுற்றுத் திருப்பச் சொன்னேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள கண்ணாடிப் பலகையில் எண்ணெய் லைட் எரிந்தது. ஹேண்ட்பிரேக் லைட் எரிந்தது. பெட்டரிப் படம் போட்ட இடம் இருட்டாக இருந்தது.

பெட்டரி லைட் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அது வராது என்றார் அப்பா. எப்போதிலிருந்து வராது? அவர் வீட்டுக் கதவருகே கொழுந்துக்கூடையைப் பின்னிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

கதை அப்போதுதான் வந்தது. வேன் வாங்கிய புதிதில், சாவியைத் திருப்பினவுடன் அந்தப் பெட்டரி லைட் சிவப்பாக எரியும், எஞ்சின் ஓடினதும் அணைந்துவிடும். எல்லா வாகனத்திலும் அப்படித்தான். முதல் வாரத்தில் ஒருநாள் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா சாவியைத் திருப்பியிருக்கிறார். சிவப்பு எரிந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் எங்கள் தாய்மாமா இறந்துபோன செய்தி போனில் வந்தது. பயணம் கிளம்புகிறபோது கண்ணுக்கு நேராகச் சிவப்பு எரிவது ஆகாது என்று அம்மா சொன்னார். வேனில் ஏறுகிற மற்றப் பெண்களும் ஆமாம் என்றார்கள். அப்பா பலகையைக் கழற்றி அந்தச் சின்ன பல்பைப் பிடுங்கிவிட்டார். நல்ல பல்பை எதற்கு வீணாக்குவது என்று, கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த முருகன் படத்துக்கு முன்னால் அதைப் பொருத்திவிட்டார். சாவியைத் திருப்பினால் முருகனுக்கு வெளிச்சம் வரும். நான் அந்த வேனில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அப்படியானால் இத்தனை வருஷம் எப்படிச் சார்ஜ் ஏறியது? இதை அப்பாதான் கேட்டார், நியாயமான கேள்வி. நான் அவருடைய காலைப் பார்த்தேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் எக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார். லொறி ஓட்டிய காலத்துப் பழக்கம். பழைய ஆல்டர்னேட்டரின் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருந்திருக்க வேண்டும். அவர் மிதித்த வேகத்தில் அது தானாகவே எழுந்துகொண்டது. புதிதாக வந்ததோ எத்தனை காலம் எந்தக் கிடங்கில் கிடந்ததோ, அதற்கு அந்த மிச்சம் போதவில்லை. அதை எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. எழுப்புகிற ஆளை நாங்கள் சாமியிடம் அனுப்பிவிட்டிருந்தோம்.

இதைச் சரிபார்க்க எனக்கு ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்ப் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் பக்கத்தில் இல்லை. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அது முருகனுக்கு முன்னால் இருந்தது. அப்பா கையை எடுத்துவிட்டார். அவர் அதைத் தொட மாட்டார். நானும் அம்மாவைக் கேட்காமல் தொட விரும்பவில்லை. அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மேல்கணக்குப் புள்ளைங்களுக்குத்தானே?"

ஆமாம் என்றேன். அவர் வேனுக்குள் குனிந்து, முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, தானே அந்தப் பல்பைக் கழற்றி என் கையில் தந்தார்.

நான் இரண்டு துண்டு வயரை அதில் கட்டி, ஒன்றைப் பெட்டரியின் நேர்முனையிலும் மற்றதை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள சின்னச் செருகியில் அந்த லைட்டுக்குரிய இடத்திலும் வைத்தேன். பல்ப் எரிந்தது. அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா ஸ்டார்ட் செய்தார், பழக்கப்படி ஒரு மிதி மிதித்தார். பல்ப் அணைந்தது. மீட்டரைப் பெட்டரியில் வைத்தேன். பதின்மூன்றைத் தாண்டியது. பதினான்கைத் தொட்டு நின்றது. லைட்டைப் போடச் சொன்னேன், வைப்பரைப் போடச் சொன்னேன், காற்றாடியையும். கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறி அங்கேயே நின்றது.

எனக்கு நானாவின் கடைக்கு உடனே ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மா இன்னும் திரும்பியே நின்றிருந்தார். எஞ்சினை நிறுத்தி, அவரைப் பக்கத்தில் கூப்பிட்டேன். இந்த முறை முகத்தைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னேன். எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. அவர் அணைந்த பல்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் இது அணையிறதப் பாக்கல புள்ள. போன் வந்துச்சு, எறங்கிட்டேன்."

சிவப்பு எரிவது கெட்ட சகுனமில்லை, ஓடும்போதும் அணையாமலிருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். சொன்னபோதே அது அவர் சொன்னதற்குப் பதில் இல்லை என்று தெரிந்தது. அவர் அந்தச் சிவப்பைப் பற்றிப் பேசவில்லை. தன் தம்பியைப் பற்றிப் பேசினார்.

பிறகு அப்பா பலகையைக் கழற்றி அந்தப் பல்பை அதன் பழைய இடத்தில் வைத்தார். முருகனுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

மீதி இருந்தது மேல்கணக்கு. வேன் சரியாகிவிட்டது என்று போனில் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. முந்தின வாரமும் அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை விடியற்காலையில் பெண்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக் களத்துக்கு வேனைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. நானும் போனேன். வழியில் அப்பாவிடம் ஒன்று சொன்னேன். சாமான் பழுதாக இருந்தது, மாற்றிவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு அது போதும். பல்ப் கதை எல்லாம் எதற்கு, சிரிப்பார்கள். அவர் வளைவில் கியரை மாற்றிக்கொண்டு, பார்க்கலாம் என்றார்.

களத்தில் பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். பிள்ளைகளும் நின்றிருந்தார்கள், சிலர் யூனிபோமில், சிலர் வீட்டுச் சட்டையில். அக்காவின் மகள் வீட்டுச் சட்டையில் இருந்தாள். தாடையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பா வேனை நிறுத்தி இறங்கி, வேன் இப்போது நன்றாகச் சார்ஜ் ஆகிறது, இனி அப்படி நிற்காது என்றார். அக்காதான் கேட்டார்.

"யாரு பண்ணின பிழை அண்ணே அது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தாம்மா. வேற யாருமில்ல."

பிறகு முழுவதையும் சொன்னார். அம்மாவின் பெயரை எடுக்கவில்லை. சிவப்பு லைட் ஆகாது என்று தான் பிடுங்கி முருகனுக்கு வைத்ததாகச் சொன்னார். அது தேவைப்படுகிற லைட் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர், அத்தனை பெண்களுக்கு முன்னால் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். அவருக்காக நான் வெட்கப்படவில்லை.

கூட்டத்திலிருந்து வயதான ஒரு பெண், கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"சாமிக்கு வெளிச்சம் வேணும்னு எங்க புள்ளைங்கள இருட்டுல நிப்பாட்டிட்டீங்களே டிரைவரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்த பிறகும் ஒரு பிள்ளையும் வேன் பக்கம் நகரவில்லை. சிரிப்பது வேறு, பிள்ளையை ஏற்றுவது வேறு. கணக்கப்பிள்ளை பேர் எழுதத் தொடங்கியிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக வரிசைக்குப் போனார்கள்.

அக்கா போகவில்லை. மகளைப் பார்த்து, போய் யூனிபோம் போட்டுக்கொண்டு வா என்றார். அவள் லயத்துக்கு ஓடினாள். அவர் கூடையையும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கையும் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கணக்கப்பிள்ளையிடம் தனக்கு அன்றைக்கு அரைப் பேர் போதும், பகலுக்குப் பிறகு வருகிறேன் என்று சொன்னார். அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம். பிறகு வந்து வேனின் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நானும் வாரேன், பாத்துட்டுத்தான் சொல்லுவேன் என்றார்.

மகள் தலையை வாரியும் வாராமலும் ஓடி வந்து தாய்க்குப் பக்கத்தில் ஏறினாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். மற்றவர்கள் களத்திலேயே நின்றுகொண்டார்கள். அப்பா சாவியைத் திருப்பினார். பலகையில் சிவப்பு எரிந்தது. அக்கா முன்னால் எட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடியது.

அதற்குள் நல்ல வெயில் ஏறியிருந்தது. மலை முழுக்கத் தெளிவாக இருந்தது. அப்பா பெரிய லைட்டைப் போட்டார். காற்றாடியைப் போட்டார். வைப்பரையும் போட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போய் வந்தது. வேன் நின்ற வளைவை நாங்கள் அப்படியே கடந்தோம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா எதையும் நிறுத்துவதாக இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். அக்கா முன் சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, லைட் மஞ்சளாகிறதா என்று பாதையை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். வெயிலில் அது எப்படித் தெரியும்? ஆனாலும் பார்த்தார்.

பெரிய பாதைக்கு இறங்கின பிறகுதான் கம்பியை விட்டார்.

"அண்ணே, அந்த வைப்பர நிப்பாட்டுங்க. கண்ணாடி தேஞ்சிரப் போகுது."

அப்பா நிறுத்தினார். லைட்டை மட்டும் பள்ளிக்கூடம் வரைக்கும் விட்டுவைத்தார்.

மற்றத் தாய்மாருக்கு இன்னும் சில நாட்கள் எடுத்தன. மாலையில் மூடுபனி இறங்கி, அதற்குள் வேன் ஏறி வந்ததைக் களத்தில் நின்று பார்த்த பிறகுதான் அவர்கள் பிள்ளைகளை விட்டார்கள். ஒரு பிள்ளை திரும்பி வரவேயில்லை. பசறைப் பக்கம் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே பள்ளிக்கூடம் போகிறாளா என்று நான் கேட்டனுப்பினேன். சரியான பதில் இன்னும் வரவில்லை. அதை விட்டுவிடுவதாக நான் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் இறங்கி உள்ளே போனார்கள். நானும் இறங்கினேன். அக்கா இறங்கவில்லை. மகள் கேட்டைத் தாண்டி, மணல் முற்றத்தைத் தாண்டி, வகுப்புக் கட்டடத்துக்குள் மறையும் வரைக்கும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவிடம், திரும்பிப் போகும்போது மடுவத்தில் இறக்கிவிட முடியுமா, பகல் கொழுந்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். அப்பா முன் சீட்டுக்கு வரச் சொன்னார். அவர் இறங்கிச் சுற்றி வந்து முன்னால் ஏறினார். கதவைச் சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்து, சாயங்காலம் வகுப்பு இருக்கா டீச்சர் என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.